தேக்கடி மூங்கில் தெப்பம்: எங்கள் தண்ணீர் நிற்கிற காட்டில் ஒரு முழு நாள்

மதுரை, தேனிப் பக்கத்து ஆட்கள் தேக்கடிக்குப் போனால் செய்வது ஒன்றுதான். படகுச் சீட்டு எடுப்பது, ஒன்றரை மணி நேரம் ஏரியைச் சுற்றுவது, குமுளிக் கடைத்தெருவில் ஏலக்காய், நேந்திரம் சிப்ஸ் வாங்கிக்கொண்டு மலை இறங்குவது. எங்கள் வீட்டிலும் வருடக்கணக்கில் அப்படித்தான் போய்வந்தோம். கல்லூரி முடித்த என் மகள்தான் இந்தத் தடவை பிடிவாதம் பிடித்தாள். பெரியார் புலிகள் காப்பகம் நடத்தும் மூங்கில் தெப்பப் பயணத்துக்கு அவளே முன்பதிவு செய்துவிட்டாள். நானும் அவள் அப்பாவும் கூடப் போனோம். அந்த ஒரு நாளைப் பற்றியும், கட்டிய பணத்துக்கு என்ன கிடைத்தது, அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்பதைப் பற்றியும் எழுதுகிறேன். போகலாமா என்று கேட்டால், கண்டிப்பாகப் போங்கள் என்பேன். யார் போக வேண்டாம் என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

காலை எட்டு மணிக்குக் கிளம்பி மாலை ஐந்து மணிவாக்கில் திரும்புகிற முழு நாள் பயணம் இது. ஒரு குழுவில் சுற்றுலா வருபவர்கள் பத்துப் பேருக்கு மேல் இல்லை. அந்தப் பத்துப் பேருக்கு வழிகாட்டிகள் சிலரும், துப்பாக்கி வைத்திருக்கும் வனக் காவலர் ஒருவரும் கூடவே வருகிறார்கள். பாதி நேரம் காட்டுக்குள் நடை, மீதி நேரம் ஏரியில் மூங்கில் தெப்பம். காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் கட்டணத்திலேயே சேர்ந்தவை. ஒருவருக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால், காப்பகத்தின் இணையதளத்தில் அன்றைய தொகையைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். நேரில் விசாரிக்க வேண்டுமென்றால் குமுளியிலிருந்து தேக்கடி போகும் சாலையில் அம்பாடி சந்திப்பில் அவர்களுடைய சூழல் சுற்றுலா மையம் இருக்கிறது.

இரண்டாயிரம் என்றதும் என் வீட்டுக்காரர் யோசித்தார். படகில் போனால் அந்தக் காசுக்கு மொத்தக் குடும்பமும் போய்வரலாமே என்றார். நியாயமான கேள்வி. அதற்கு விடை தெரிய அந்தக் காட்டின் பழைய கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

நான் பிறந்தது கூடலூரில். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும்போது சாலைக்குக் குறுக்கே மலையிலிருந்து இறங்கும் பெரிய இரும்புக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் வருகிற தண்ணீர்தான் எங்கள் ஊர் மின் நிலையத்தைச் சுழற்றி, முல்லைப் பெரியாறாக ஓடி, கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல்லை விளைவிக்கிறது. வைகையில் சேர்ந்து மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரைக்கும் போகிறது. மேற்கே ஓடி அரபிக் கடலில் விழ வேண்டிய ஆறு. 1895-இல் பென்னிகுக் அதன் குறுக்கே அணையைக் கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டார். ஜனவரி 15 அவர் பிறந்த நாள். அன்றைக்குப் பாலார்பட்டியில் அவருக்குப் பொங்கல் வைப்பார்கள். என் அப்பா பட்டத்தில் தண்ணீர் திறந்த நாளில் வரப்பில் நின்று மேற்கே பார்த்துக் கும்பிடுவார். ஆனால் அந்தத் தண்ணீரைத் தாங்கி நிற்கிற காடு எப்படிப் பிழைத்திருக்கிறது, அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்று தினமும் செய்தித்தாளில் பார்க்கிற நாங்கள், அந்த அடிகளுக்குப் பின்னால் இருக்கிற 925 சதுர கிலோமீட்டர் காட்டை ஒரு படகுச் சவாரியாக மட்டும்தான் அறிந்திருந்தோம்.

1934-இல் திருவிதாங்கூர் சமஸ்தானம் இந்த ஏரியைச் சுற்றியுள்ள காட்டை வேட்டை தடை செய்த பகுதியாக அறிவித்தது. 1950-இல் அது பெரியார் சரணாலயமாகியது, 1978-இல் புலிகள் காப்பகமாகியது. சட்டம் எல்லாம் இருந்தும் காட்டுக்குள் திருட்டு நிற்கவில்லை. சந்தனம் போயிற்று. வயணப்பட்டை போயிற்று. வயணம் என்பது காட்டு இலவங்கப்பட்டை மரம். அதன் பட்டையை உரித்துக் காய வைத்து மூட்டை கட்டி, இரவோடு இரவாகத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்பார்கள். உரித்த மரம் நின்றபடியே பட்டுப்போகும். உரித்தவர்களும் இதில் பணக்காரர்கள் ஆகவில்லை. வாங்கியவர்கள் ஆனார்கள். உரித்தவர்களுக்கு மிஞ்சியது வழக்கு, தலைமறைவு, வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள்.

1996 முதல் 2004 வரை உலக வங்கி உதவியோடு இந்தியாவில் ஏழு காடுகளில் ஒரு சூழல் மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. அதில் பெரியாரும் ஒன்று. அப்போது இங்கிருந்த வனத்துறையினர் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். பட்டை உரித்துக்கொண்டிருந்த இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பேசி வரவழைத்து, அவர்களையே காவலுக்கும் வழிகாட்டவும் வைத்தார்கள். 1998-இல் 'டைகர் டிரெயில்' என்ற பெயரில் காட்டுக்குள் தங்கி நடக்கும் பயணம் இவர்களை வைத்துத்தான் தொடங்கியது. காட்டின் ஒவ்வொரு தடமும், எந்த ஓடையில் எப்போது தண்ணீர் இருக்கும் என்பதும், திருடப் போகிறவன் எந்த வழியில் நுழைவான் என்பதும் அவர்களுக்குத்தானே தெரியும். சுற்றுலா வருபவர்களோடு அவர்கள் நடக்கும்போது அந்தப் பாதையில் ரோந்தும் நடந்துவிடுகிறது. இப்படித் தனித்தனிக் குழுக்களாக, காட்டை ஒட்டி வாழும் பளியர், மன்னான் பழங்குடி மக்களுக்கும், குமுளிப் பக்கத்துக் குடும்பங்களுக்கும் எழுபதுக்கும் மேற்பட்ட சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் வந்தன. அங்கே எல்லோரும் இ.டி.சி. என்றே சொல்கிறார்கள். திட்டப் பணம் 2004-இல் முடிந்ததும் எல்லாம் நின்றுவிடாமல் இருக்க பெரியார் அறக்கட்டளையைப் பதிவு செய்தார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், அந்த இரண்டாயிரத்தை வெறும் படகுச் சவாரிக் கட்டணமாகப் பார்க்கக்கூடாது. ஒரு நாளைக்கு அந்தப் பாதையில் ஆள் நடமாட வைக்கிற கூலி அது. விடுதிக்காரர், ஏஜென்ட், ஜீப்காரர் என்று கை மாறிக் கரையாமல், உங்களுக்கு முன்னால் நடக்கிறவர் வீட்டுக்கு அதில் ஒரு பங்கு போகிறது.

இனி அந்த நாள்.

தனியார் வண்டிகளைப் படகுத்துறை வரைக்கும் விடுவதில்லை. ஆனவச்சாலில் நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில் போக வேண்டும். பை சோதனையில் பிளாஸ்டிக் உறைகளை எடுத்துவிடுகிறார்கள். கான்வாஸ் துணியில் முழங்கால் வரைக்கும் ஒரு உறை கொடுத்தார்கள், அட்டைப்பூச்சி ஏறாமல் இருக்க. சாக்ஸ் மேல் அதைப் போட்டு, கால்சட்டையை உள்ளே விட்டு நாடாவை இறுக்கிக் கட்டி, அதற்கு மேல் ஷூ. எனக்குக் கட்டத் தெரியவில்லை என்று பார்த்து, ஒரு வழிகாட்டி குனிந்து கட்டிவிட்டார். வயதில் என் தம்பி மாதிரி இருப்பார். "இடைவெளி விடக்கூடாதுக்கா, விட்டா அது வழி கண்டுபிடிச்சுரும்" என்றார். பளியக்குடிக்காரர். அன்றைக்கு முழுக்க அவர் என்னை அக்கா என்றும் நான் அவரைத் தம்பி என்றும்தான் பேசிக்கொண்டோம். எங்களோடு பெங்களூருக் குடும்பம் ஒன்றும், இரண்டு வெளிநாட்டு மாணவிகளும் வந்தார்கள். அவர்களிடம் அதே தம்பி ஆங்கிலத்தில் பறவைப் பெயர்களைத் தடங்கல் இல்லாமல் சொன்னார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். காட்டிலும் வெள்ளைக்காரர்களிடமும் என்றார்.

கிளம்பும் முன் சொன்ன விதிகள் கொஞ்சம்தான். வரிசையாக நடக்க வேண்டும். சத்தம் கூடாது. யானை தெரிந்தால் செல்பேசியைத் தூக்கிக்கொண்டு முன்னே போகக்கூடாது. காவலர் நில் என்றால் நின்றுவிட வேண்டும், திரும்பு என்றால் கேள்வி கேட்காமல் திரும்ப வேண்டும். வாசனைத் தைலம் பூசி வந்திருந்த ஒருவரிடம், அடுத்த முறை வேண்டாம் சார் என்று தன்மையாகச் சொன்னார்கள்.

நடை எளிது என்று சொல்ல மாட்டேன். ஏற்ற இறக்கம் பெரிதாக இல்லைதான். ஆனால் ஈரத் தரை, புல், வேர், சில இடங்களில் ஓடையைத் தாண்டுவது என்று மாறி மாறி வரும். எனக்கு ஐம்பத்தைந்து வயது. மூட்டு வலி அவ்வப்போது உண்டு. வேகம் போகவில்லை என்பதால் சமாளித்தேன். "பைய வாங்க, காடு எங்கயும் போயிறாது" என்று தம்பி அடிக்கடி நின்று பார்த்துக்கொண்டார். நான் பின்தங்கியபோது முன்னால் போனவர்களை நிறுத்திவைத்தார்கள். யாரையும் விட்டுப் போகவில்லை.

படகில் போய்ப் பார்த்த காடும் இந்தக் காடும் ஒன்றுதான் என்று நம்பவே முடியவில்லை. படகில் இருந்து பார்த்தால் கரையும் புல்லும் தூரத்தில் சில மிளாக்களும்தான். உள்ளே நடந்தால் ஒவ்வொரு பத்தடிக்கும் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. கரடி கரையான் புற்றைத் தோண்டிய பள்ளம். காட்டெருது உரசி வழவழப்பாக்கிய மரம். புலி நகம் இழுத்த கோடுகள், என் தலைக்கு மேலே. செந்நாய்களின் எச்சத்தைக் குச்சியால் பிரித்து, அதிலிருந்த மிளாவின் மயிரைக் காட்டினார் தம்பி. என் மகள் முகம் சுளிப்பாள் என்று நினைத்தேன், அவளோ உட்கார்ந்து பார்த்தாள். மலையணில் ஒன்று உச்சிக் கிளையில் வாலைத் தொங்கப்போட்டு எதையோ கொறித்துக்கொண்டிருந்தது. இருவாச்சி பறக்கும்போது அதன் சிறகுச் சத்தம் முதலில் வருகிறது, பிறகுதான் பறவை வருகிறது.

ஓரிடத்தில் நின்று, பட்டை உரிக்கப்பட்ட பழைய வடு உள்ள ஒரு மரத்தைத் தொட்டுக் காட்டினார். வயண மரம். ஒரு பக்கம் மட்டும் உரித்ததால் பிழைத்துக்கொண்டது போல. வடுவின் இரண்டு ஓரத்திலிருந்தும் புதுப் பட்டை உருண்டு மடிந்து வந்து கொண்டிருந்தது. "எங்க சித்தப்பா காலத்து வேலக்கா இது" என்றார். அவருடைய சித்தப்பா பட்டை எடுத்தவர். பிடிபட்டவர். பிறகு இதே காட்டில் வழிகாட்டியாக இருந்து இப்போது வயதாகி வீட்டில் இருக்கிறார். "மரத்த உரிச்சா ஒரு தடவதான் காசு. காமிச்சா தெனமும் காசு. அத அவங்க புரிஞ்சுக்கிட்டு எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க." இதை அவர் பெருமையாகவோ வெட்கமாகவோ சொல்லவில்லை, பிழைப்புக் கணக்காகச் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. சுற்றுலாவுக்கென்று உருப்போட்ட பேச்சாக இருந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

தெப்பம் என்பது மூங்கில் கழிகளைக் கயிற்றால் வரிந்து கட்டி, மேலே உட்காரக் கொஞ்சம் உயரமாக மூங்கிலாலேயே இருக்கை அமைத்த ஒன்று. எஞ்சின் கிடையாது. துடுப்புதான். கழிகளுக்கு நடுவே தண்ணீர் தெரிகிறது. கால் நனையும். ஏறியதும் லைஃப் ஜாக்கெட்டைப் பூட்டிவிட்டுத்தான் கரையை விட்டு நகர்த்தினார்கள். 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி இதே ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்துபோனது எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறக்கவில்லை. அதனால் அந்தப் பூட்டை நானும் ஒரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டேன். தெப்பத்தில் இருக்கும்போது யாரும் எழுந்து நிற்கக்கூடாது என்பதில் வழிகாட்டிகள் கண்டிப்பாக இருந்தார்கள். படம் எடுக்க எழுந்த ஒருவரை உடனே உட்கார வைத்தார்கள்.

அணை கட்டி நீர் ஏறியபோது மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்னும் ஏரிக்குள் நிற்கின்றன. நூற்று முப்பது வருடமாக. அவற்றின் நுனிகளில் நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும். படகில் போனபோதெல்லாம் எஞ்சின் சத்தத்துக்கு அவை எழுந்து போய்விடும். தெப்பம் போனபோது ஒன்றுகூட எழவில்லை. நீர்நாய்க் குடும்பம் ஒன்று எங்களுக்குக் குறுக்கே, மீனைப் பிடித்துத் தின்றபடியே நீந்திக் கடந்தது. அவற்றின் பற்கள் மீனைக் கடிக்கிற சத்தம் கேட்டது. எதிர்க்கரையில் யானைக் கூட்டம், இரண்டு குட்டிகளோடு. துடுப்பை நிறுத்திவிட்டார்கள். கிட்டப் போகச் சொல்லி எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். "அதுக தண்ணி குடிக்க வந்திருக்குக சார். நாம போனா குடிக்காமத் திரும்பிரும்" என்றார் வனக் காவலர். அதற்குமேல் பேச்சில்லை. அவை குடித்து முடித்து, குட்டிகளைச் சேற்றில் விளையாட விட்டு, தாமாக ஏறிப் போகிறவரைக்கும் நாங்கள் வெயிலில் அசையாமல் கிடந்தோம். இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த மறுப்புதான். பணம் கட்டியவர் கேட்டும் முடியாது என்று சொல்ல முடிகிற இடத்தில்தான் விலங்குக்கு மரியாதை இருக்கிறது.

முந்தின நாள் மாலை நாங்கள் தங்கிய விடுதியில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். விடுதியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வரவேற்பில் இருந்தவர் ஒரு அட்டையை நீட்டினார். யானைச் சவாரி, யானையைக் குளிப்பாட்டுதல், ராத்திரி ஜீப், மேலே போய்ச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டாடும் பேக்கேஜ். யானை எங்கிருந்து வந்தது, ஒரு நாளைக்கு எத்தனை பேரைச் சுமக்கிறது என்று என் மகள் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. ஜீப்காரர் எந்த ஊர், அனுமதி யார் கொடுத்தது என்றாள். அதுவும் தெரியவில்லை. விற்கிற ஆளுக்கே தெரியாத ஒன்றை நான் எதை நம்பி வாங்குவது? நீங்கள் எங்கே சுற்றுலா போனாலும், கொடைக்கானலோ மூணாறோ அந்தமானோ, பணம் கட்டும் முன் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள்.

சாப்பாடு பற்றி ஆடம்பரமாகச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் ரொட்டி, முட்டை, பழம். மதியம் சோறு, கூட்டு, ஊறுகாய், மோர். கரையில் ஒரு மர நிழலில் உட்கார்ந்து தின்றோம். எல்லாம் எவர்சில்வர் பாத்திரத்தில் சுமந்து வந்தது. மிச்சம் மீதி, வாழைப்பழத் தோல்கூட, திரும்பச் சுமந்துதான் போனார்கள். தோலைக் காட்டில் போட்டால் மக்கிவிடுமே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். மக்கும், ஆனால் நாளைக்கு அந்த இடத்தில் குரங்கு காத்திருக்கும் என்றார்கள்.

சாப்பிட்டபின் மன்னான் குடியைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிச் சொல். கட்டப்பனைப் பக்கத்தில் கோவில்மலையில் அவர்களுக்கு இன்றும் ராஜமன்னான் என்ற அரசர் இருக்கிறார். 2025 குடியரசு தின அணிவகுப்புக்கு அவர் விருந்தினராக டெல்லி போயிருந்தார். காட்டுக்குள் இருந்த குடியிருப்புகளைக் குமுளி ஓரத்துக்கு நகர்த்தியது, மிளகுத் தோட்டம் போட்டது, விளைவதற்கு முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக் கடனில் சிக்கியது, குழு வந்தபிறகு அந்தக் கடன்களைத் தீர்த்து மிளகை நல்ல விலைக்கு விற்கத் தொடங்கியது என்று கோவையாகச் சொன்னார். அதனால் மிளகு வாங்கினால் கடைத்தெருவில் கண்ட கடையில் வாங்காமல், தேக்கடியில் காப்பகத்தின் ஈகோ ஷாப்பில் கேட்டு வாங்குங்கள். நாங்கள் அரைக் கிலோ வாங்கினோம். ரசத்தில் நுணுக்கிப் போட்டால் பக்கத்து வீடு வரைக்கும் மணக்கிறது.

வசந்த சேனையைப் பற்றியும் தெரிந்துகொண்டு போங்கள். குமுளிப் பக்கத்துக் குடும்பப் பெண்கள், பெரும்பாலும் கூலி வேலையும் வீட்டு வேலையும் செய்பவர்கள், 2002 முதல் குழு குழுவாக முறை வைத்துக் காட்டின் விளிம்பில் ரோந்து போகிறார்கள். சம்பளம் வாங்குவதில்லை. சந்தன மரத்தைக் காக்கத் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. நடந்து போன வழியில் அவர்களில் சிலரைப் பார்த்தோம். மழைக்கோட்டும் கையில் கம்புமாக, சிரித்துக் கையசைத்துவிட்டுப் போனார்கள். ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று நின்று கேட்க நேரமில்லை. அவர்களோடு ஒரு காலைப் பொழுது நடக்க ஒரு பயணம் வைத்தால் முதல் ஆளாக நான் பணம் கட்டுவேன். பெண்கள் பலர் வருவார்கள்.

சரி, யார் போக வேண்டாம்? புலியைப் பார்த்தே தீர வேண்டும் என்று வருகிறவர்கள். நாங்கள் பார்க்கவில்லை. பார்ப்பவர்கள் அபூர்வம். சத்தமாகப் பேசாமல், அடிக்கடி செல்பேசி பார்க்காமல் ஒரு நாள் இருக்க முடியாதவர்கள். சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள் படகிலேயே போங்கள், காலை ஏழரை மணிப் படகில் விலங்குகள் நன்றாகத் தெரியும், அதுவும் நல்ல பயணம்தான். முழங்கால் மோசமாக இருக்கிறவர்களும் படகுக்கே போகலாம். படகுக்குப் பணம் இருக்கிறது, தெப்பத்துக்கு இல்லை என்றால் குறையில்லை. படகில் போய்விட்டு, இறங்கியதும் அரை நாள் நடை ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேர நடைகள் இருக்கின்றன, செலவும் குறைவு. அதிலும் கூட வருகிறவர்கள் இதே மக்கள்தான்.

உடுப்பு: பச்சை, காக்கி, மண் நிறம். வெள்ளையும் சிவப்பும் வேண்டாம். ஷூவைக் கழற்றினால் மாற்றிக்கொள்ள ஒரு ஜோடி செருப்பு. தண்ணீர் எவர்சில்வர் பாட்டிலில். தொப்பி மறக்காதீர்கள், தெப்பத்தில் நிழல் கிடையாது. மழைக் காலத்தில் அட்டை அதிகம், ஆனால் காடு அப்போதுதான் காடாக இருக்கிறது. கோடையில் மற்ற இடங்களில் தண்ணீர் வற்றுவதால் விலங்குகள் ஏரிக்கரைக்கு வரும், பார்க்க வேண்டுமென்றால் மார்ச், ஏப்ரல். மதுரையிலிருந்து காரில் வராதீர்கள் என்று ஒரு வேண்டுகோள். ஆரப்பாளையத்திலிருந்து குமுளிக்குப் பேருந்துகள் இருக்கின்றன. சனி ஞாயிறுகளில் லோயர் கேம்ப் மலைப்பாதையில் நிற்கிற கார் வரிசையைப் பார்த்தவர்களுக்கு ஏன் சொல்கிறேன் என்று புரியும். அந்தப் பாதையின் இருபுறமும் காடு.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோவிலுக்கு வருடத்தில் ஒரே ஒரு நாள் இதே காப்பகத்துக்குள் மலையேறுகிறோம். கார்த்திகை, மார்கழியில் சத்திரம், புல்லுமேடு வழியாகச் சபரிமலைக்கு நடக்கிறவர்களும் இதே காட்டுக்குள்தான் நடக்கிறார்கள். தெப்பத்தில் பத்துப் பேர் போகிறபோது வாழைப்பழத் தோலைச் சுமந்து வருகிற காட்டில், ஆயிரக்கணக்கில் போகிற நாம் என்ன விட்டுவிட்டு வருகிறோம் என்று யோசியுங்கள். இருமுடிக்குள் பிளாஸ்டிக் உறையில் அரிசி, பன்னீர் கொண்டு போவதை இந்த வருடமே நிறுத்தலாம். துணிப்பையில் கட்டிக்கொடுக்கச் சொல்லி எங்கள் தெருக் குருசாமியிடம் பேசியிருக்கிறேன், ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு ஐந்து. வழிகாட்டிகளுக்கு, அந்த மறுப்புக்கு, பத்துப் பேர் என்ற வரம்புக்கு.

2021-இல் நம் பக்கத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் வந்துவிட்டது. பெரியாரோடு ஒட்டிய காடு. வைகை பிறக்கிற மலையும் அதில்தான் இருக்கிறது. வருசநாட்டிலும் அதைச் சுற்றியும் காட்டை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ. அவர்களுக்கும் இப்படி ஒரு குழுவும் ஒரு நடைப் பயணமும் அமைத்துக் கொடுக்கக் கேட்டுத் தமிழ்நாடு வனத்துறைக்கு எழுத இருக்கிறேன். தெப்பத்தில் எங்களோடு வந்த தம்பி, பயிற்சி கொடுக்க ஆள் வேண்டுமென்றால் தாங்கள் வருவோம் என்றார். மேகமலையிலும் வருசநாட்டிலும் உறவுக்காரர்கள் இருக்கிறார்களாம். கையெழுத்துப் போட விருப்பமுள்ள தேனி, மதுரைக்காரர்கள் சொல்லுங்கள், சேர்த்து அனுப்புவோம்.